பெட்டிக்குள் பூட்டிய வானம்

"லைவ் டிவி பார்க்கிற மாதிரி ஒரு ஹோம் தியேட்டர் பிசி கட்டணும். என்ன ப்ராசஸர் போடலாம், ரேம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு தேவையா?" காரைக்காலில் கணினி தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். என் பதில் பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. ப்ராசஸர் எதுவானாலும் சரி. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டுக்கு வரும் சிக்னலின் சாவி யார் கையில் இருக்கிறது?

வன்பொருள் தேர்வு பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவை எழுதப்படும் ஊர்களில் அதற்கு அவசியமில்லை. அங்கே கூரையில் ஆன்டெனா இருக்கிறது, அதில் பூட்டில்லாத சிக்னல் வருகிறது. கணினியில் ஒரு ட்யூனரைச் செருகினால் படம் வந்துவிடும். மீதி எல்லாம் ரசனை: சத்தமில்லாத ஃபேன், அழகான கேபினட், நல்ல ரிமோட். நம் ஆட்கள் அந்தப் பட்டியலை அப்படியே பிரதியெடுத்து, அறுபதாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கி, கடைசியில் அதில் யூடியூப் பார்க்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் நான் சண்டை போட வந்திருப்பது அவர்களோடு அல்ல. அவர்களை இந்த நிலைமையில் வைத்திருக்கும் ஏற்பாட்டோடு.

காரைக்காலில் பிறந்தவனுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் சீக்கிரமே புரிந்துவிடும். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிரான்ஸில் ஆள் இருக்கும். பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா ஒருமுறை வந்தபோது விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி ட்யூனர் கொண்டுவந்தார். "இதைச் செருகுடா, எல்லாச் சேனலும் வரும், காசு கிடையாது" என்றார். அவர் சொன்னது அவருடைய ஊருக்கு முழுக்க உண்மை. பிரான்ஸில் 2005 மார்ச் 31 முதல் டிஎன்டி என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு இருக்கிறது. 2011 நவம்பரில் பழைய அனலாக்கை முழுதாக அணைத்தபோது அதற்குப் பதில் மக்கள் கையில் இது இருந்தது. முக்கியமான சேனல்கள் எல்லாம் இலவசம். ஒரு மாணவன் தன் அறையில் மடிக்கணினியில் அந்தக் குச்சியைச் செருகி இரவுச் செய்தியைப் பதிவு செய்யலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

காரைக்காலில் அந்தக் குச்சிக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை 16 நகரங்களில் தொடங்கியது. நம் பக்கத்தில் சென்னை அதில் இருந்தது. டெல்டாக் கடற்கரை இல்லை. பிறகு 2021-ல், சில இடங்களில் மட்டும் வைத்துக்கொண்டு மீதி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாக பிரசார் பாரதி அறிவித்தது. பழசை அணைத்தாயிற்று. புதுசு எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. சித்தப்பாவின் குச்சி என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

"சரி, கேபிள் இருக்கே, டிடிஎச் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. அங்கேதான் பூட்டும் இருக்கிறது.

இன்று முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கேபிள்காரர் இழுத்த வயர் நேராக டிவியின் பின்புறம் போகும். கணினியில் ஒரு டிவி ட்யூனர் கார்டு வாங்கிப் போட்டால் அதே வயரை அதில் செருகலாம். தமிழ்ச் சேனல்கள் அத்தனையும் கணினியில் வரும். பட்டனை அழுத்தினால் பதிவாகும். படம் கொஞ்சம் புள்ளியடிக்கும், அவ்வளவுதான். 2011-ல் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தி செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கினார்கள். 2012-ல் பெருநகரங்களில் தொடங்கி நாலு கட்டமாக வந்தது. சிற்றூர்களும் கிராமங்களும் அடங்கிய கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 கெடு. டிஜிட்டல் என்றால் முன்னேற்றம் என்றார்கள். படம் தெளிவானது உண்மை, சேனல்கள் கூடியது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை: வீட்டுக்குள் வரும் வயரில் வீட்டுக்காரனுக்கு இருந்த உரிமை போய்விட்டது.

விஷயம் எளிது. கேபிள் நிறுவனமோ டிடிஎச் நிறுவனமோ சிக்னலைச் சங்கேதமாக்கி அனுப்புகிறது. அதைப் பிரிக்கும் சாவி அவர்கள் கொடுக்கும் பெட்டிக்குள், ஒரு அட்டையிலோ சிப்பிலோ இருக்கிறது. உங்கள் கணினியில் உலகத்திலேயே சிறந்த ட்யூனரைப் போட்டாலும் சாவி இல்லாமல் அது பார்ப்பது வெறும் இரைச்சல். சரி, பெட்டியின் எச்டிஎம்ஐ வழியாக வெளியே வரும் படத்தையாவது கணினிக்குக் கொண்டுபோகலாம் என்றால், அந்த வழியில் எச்டிசிபி என்று இன்னொரு பூட்டு. மிச்சமிருப்பது பெட்டிக்குப் பின்னாலுள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள். அதில் மலிவான கேப்சர் கருவி ஒன்றை மாட்டி, தரம் குறைந்த படத்தைப் பிடித்து, சேனல் மாற்ற ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரைக் கணினியே அனுப்பும்படி ஒரு குட்டி பல்பைப் பெட்டியின் முகத்தில் ஒட்டி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் ஒன்றை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. டிஷ் மாட்ட வந்த அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பாக்ஸ்ல இருந்து டிவிக்கு ஒரு வயரு. எல்லாரும் அப்படித்தானே பாக்குறாங்க? உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டி இல்லாமல் டிவி உண்டு என்பதையே மறக்கவைத்துவிட்டார்கள்.

இப்போது சட்டப் புத்தகத்தைத் திறக்கலாம், ஏனென்றால் "ரெக்கார்டு பண்றதே திருட்டுதானே" என்று நம்மிலேயே பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ம் பிரிவு ஒளிபரப்பாளருக்கு 25 ஆண்டுகளுக்கான உரிமை ஒன்றைத் தருகிறது. அதே சட்டத்தின் 39-ம் பிரிவு அந்த உரிமையின் எல்லையைச் சொல்கிறது: பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காகவோ, நேர்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமாகவோ ஒளிபரப்பைப் பதிவு செய்தால் அது மீறல் ஆகாது. 52-ம் பிரிவும் தனிப்பட்ட உபயோகத்துக்கு நியாயமான இடம் விடுகிறது. அமெரிக்காவில் இதே வழக்கு 1984-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், வீட்டில் வீடியோ டேப்பில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. நமக்கு வழக்கே தேவையில்லை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1995-ல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், காற்றலைகள் பொதுச்சொத்து என்றே சொன்னது.

ஆக, அலை பொதுவுடைமை, பதிவு செய்ய சட்டம் அனுமதிக்கிறது, சந்தாவும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் முடியாது. ஏன் முடியாது என்றால், பெட்டி விடாது. நாடாளுமன்றம் கொடுத்ததை ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி எடுத்துக்கொள்கிறது. "எங்க டிடிஎச்லயே ரெக்கார்டிங் இருக்கே" என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பதிவை வேறு கணினிக்கு எடுத்துக்கொண்டு போக முடிகிறதா? பெட்டி பழுதானால், நிறுவனத்தை மாற்றினால் அது என்ன ஆகும்? அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை பதிவையும் சங்கேதமாகவே வைத்துக்கொள்கின்றன. நாம் வாங்கிய ஹார்டு டிஸ்க்கில், நம் வீட்டு மின்சாரத்தில், அவர்களுடைய சரக்கு.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு இல்லையா? உண்டு, பழசாகவே உண்டு. ஐரோப்பாவில் டிவியிலேயே ஒரு துளை இருக்கும். நிறுவனம் தரும் சிறு சாவிக் கருவியை அதில் செருகினால் போதும், பெட்டி வேண்டாம். நம் டிராய் அமைப்பே 2020 ஏப்ரலில் இதைப் பரிந்துரைத்தது: பெட்டிகள் நிறுவனம் மாறினாலும் வேலை செய்ய வேண்டும், விற்கப்படும் டிவிகளில் யூஎஸ்பி வடிவில் இந்தப் பொது இணைப்பு இருக்க வேண்டும் என்று. உங்கள் வீட்டு டிவியின் பின்னால் போய்ப் பாருங்கள், இருக்கிறதா என்று.

இங்கே இலக்கிய நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "யாருப்பா இப்ப லைவ் டிவி பாக்குறா? எல்லாம் ஓடிடிலதானே." சீரியலும் ரியாலிட்டி ஷோவும் கத்தும் விவாதமும் ஒழிந்தால் நல்லது என்பது அவர்கள் எண்ணம். டிவி பார்க்காததை ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்வது நம் சூழலில் பழைய நோய். ஆனால் யோசித்துப் பாருங்கள். 2000-க்குப் பிந்தைய தமிழ்நாட்டைப் பற்றி ஐம்பது வருஷம் கழித்து நாவல் எழுதப்போகிறவருக்கு என்ன கிடைக்கும்? இந்தக் காலத்தின் பேச்சு, அரசியல், அழுகை, விளம்பரம், சாமியார், சமையல் எல்லாம் ஓடியது தொலைக்காட்சியில். தேர்தல் இரவில் எந்தக் கட்சிக்காரர் எந்த மணிக்கு எப்படிப் பேச்சை மாற்றினார் என்பது அங்கேதான் இருக்கிறது. சேனல்கள் யூடியூபில் ஏற்றுவது அவர்கள் தேர்ந்தெடுத்தது. வேண்டாமென்றால் மறுநாளே எடுத்துவிடலாம். ஓடிடியில் இருப்பது உரிம ஒப்பந்தம் முடியும் வரை. எடுத்துவிட்டால் இருந்ததற்குச் சாட்சி எங்கே?

மரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு பெண்மணி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் நூலகராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து 2012-ல் இறக்கும்வரை வீட்டில் வீடியோ டேப் இயந்திரங்களை இரவு பகலாக ஓட்டிச் செய்திகளைப் பதிவு செய்தார். சேர்ந்தவை சுமார் 70,000 டேப்புகள். அக்கம்பக்கத்தில் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். சேனல்கள் தாங்களே பாதுகாக்காததெல்லாம் அவரிடம் இருந்தது. இன்று அந்தச் சேகரிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவிடம் இருக்கிறது. அவரிடம் இருந்த வன்பொருள் என்ன? கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய விசிஆர். பூட்டில்லாத சிக்னல். அவ்வளவே. ஒரு தமிழ் மரியன் ஸ்டோக்ஸ் இன்று கும்பகோணத்திலோ காரைக்காலிலோ உருவாக முடியுமா? பெட்டி விடாது. ஏட்டுச்சுவடி தப்பியது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி இருந்ததால்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நம் காலத்துச் சுவடிக்குப் பரணே இல்லாமல் செய்திருக்கிறார்கள், அதைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

அப்படியானால் காரைக்காலில் வன்பொருள் வாங்குகிறவன் என்ன செய்வது? ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது: டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. சேனல்கள் பெரும்பாலும் பூட்டில்லாமல் வருகின்றன. இதை நம்பித்தான் என் வீட்டில் கட்டியிருக்கிறேன், கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பணத்தை முதலில் ட்யூனரில் போடுங்கள். டிவிபி-எஸ்2 ட்யூனர் வேண்டும். அது பழைய எஸ் வகையையும் பிடிக்கும். டெஸ்க்டாப் என்றால் டிபிஎஸ் 6902 மாதிரி இரட்டை ட்யூனர் கார்டு, மினி பிசி என்றால் டிபிஎஸ் 5927 மாதிரி யூஎஸ்பி. லினக்ஸில் டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ட்யூனர் ஒரு சேனலைத்தான் தரும் என்று நினைக்க வேண்டாம். ஒரே ட்ரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் சேர்ந்து வருகின்றன; டிவிஹெட்எண்ட் மென்பொருள் அவை அத்தனையையும் ஒரே ட்யூனரில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். இரண்டு ட்யூனர் போட்டால் டிஷ்ஷில் இரண்டு வாய் உள்ள எல்என்பி வேண்டும், இரண்டு வயர் இழுக்க வேண்டும். பார்ப்பதற்கு கோடி போதும்.

ப்ராசஸருக்கு இன்டெல் என்100 தாராளம். 6 வாட் சிப். வீடியோவைப் பிரிக்கும் வேலையை அதிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். நம் சாதாரண சேனல்கள் இன்னும் இடைப்பின்னல் படமாக வருவதால் டீஇன்டர்லேசிங் அமைப்பை மட்டும் கவனமாக வையுங்கள். அது சரியில்லை என்றால் நாதஸ்வரக்காரரின் விரல்கள் சீப்புப் பல் மாதிரி தெரியும். டிஸ்க் கணக்கு இது: நொடிக்கு 3 மெகாபிட் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி, ஒரு நாளுக்கு 32 ஜிபி. ஒரு டிபியில் ஒரு சேனலின் முழு மாதம் அடங்கும். சிசிடிவிக்கென்று விற்கும் டிஸ்க் நிற்காமல் எழுதுவதற்கே செய்தது, அதை வாங்குங்கள். எல்லாம் சேர்ந்து 15 வாட் என்று வைத்தாலும் மாதத்துக்கு 11 யூனிட்தான் ஓடும். ஓடிடி மட்டும்தான் பார்ப்பேன் என்றால் இது எதுவும் வேண்டாம். லினக்ஸ் கணினியில் பல ஓடிடிகள் முழுத் தரத்தில் படம் தருவதில்லை. ஒரு ஸ்ட்ரீமிங் குச்சி வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு விஷயம். உப்புக்காற்றில் எல்என்பியின் திருகு முனை துருப்பிடிக்கும். ரப்பர் மூடி போட்டுச் சுற்றிக் கட்டுங்கள். கணினி, ஃபேன் இல்லாததாக இருந்தால் உப்பும் தூசும் உள்ளே போகாது. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 நிற்பது கிழக்கே 93.5 டிகிரியில். காரைக்காலிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, வங்கக் கடலுக்கு மேலே, ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில். தெருவுக்கு எதிரே மாடி எழும்பினாலும் பெரும்பாலும் மறைக்காது. வானத்தில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு வாஞ்சூர் எல்லை தெரியாது. வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு கேபிள், இந்தப் பக்கம் புதுச்சேரி என்ற கணக்கெல்லாம் தரையில்தான்.

ஃப்ரீ டிஷ்ஷை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அதில் இடம் ஏலத்தில் போகிறது, ஏலத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் இந்திச் சேனல்கள். தனியார் தமிழ்ச் சேனல்கள் மிகச் சொற்பம். என் அம்மா ரிமோட்டை வாங்கி நாலு நிமிஷம் அழுத்திவிட்டு, "இதுல நம்மளுது எங்கடா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. டிடி தமிழ் இருக்கிறது. 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்தது. ஜனவரியில் திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டும்போது, நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலிருக்கும் எனக்கு அது விண்வெளிக்குப் போய்த் திரும்பி வந்து என் டிஸ்க்கில் பதிகிறது. யாரும் அதை என்னிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அம்மாவின் சீரியலுக்கு இன்னும் தனியாகப் பெட்டியும் சந்தாவும் உண்டு. இலவச வானத்தில் தமிழுக்கு இடமில்லை, தமிழ் இருக்கும் வானத்தில் பூட்டு. ஏழை வீடு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இதைவிடப் பெரிய ஆபத்து மழை. கேயு பேண்ட் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பிடித்துப் பெய்யும்போது திரையில் கட்டம் கட்டமாக உடைந்து பிறகு கறுப்பாகிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. புயல் இரவில் இந்தக் கடற்கரைக்குத் தேவைப்படுவது செய்தி. அந்த நேரத்தில் டிஷ் வேலை செய்யாது, ஃபைபர் அறுந்துவிடும், செல்போன் டவரின் பேட்டரி தீர்ந்துவிடும். தரைவழி டிவி அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டரும் வீட்டில் ஒரு பேட்டரியும் இருந்தால் படம் வரும். நகரங்களுக்குக் கொடுத்துவிட்டு, புயல் வரும் கடற்கரைக்கு இல்லை என்றவர்கள் எந்த வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டார்கள்? என் கணினிக்கு யூபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் புயலன்று நான் நம்புவது காரைக்கால் வானொலியையும் ஒரு பேட்டரி ரேடியோவையும்தான்.

பூட்டைத் திறந்தால் திருட்டு பெருகும் என்பார்கள். பூட்டு இருக்கும்போதே புதுப்படம் மறுநாள் டெலிகிராமில் வந்துவிடுகிறது. திருடனுக்கு எப்போதும் வழி உண்டு. பூட்டு தடுப்பது மகளின் மேடைப் பாட்டைப் பதிவு செய்ய நினைக்கும் அப்பாவை, தேர்தல் விவாதங்களை ஆராயும் மாணவியை, பரணில் ஒரு பிரதி வைக்க நினைக்கும் பைத்தியக்காரனை. ஃப்ரீ டிஷ்ஷையும் பூட்டிவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அந்தக் கதவும் சாத்தப்பட்டால் இந்தக் கட்டுரையில் சொன்ன வன்பொருள் எல்லாம் சித்தப்பாவின் குச்சியோடு டிராயருக்குள் போகும்.

வேண்டியவை மூன்று. விற்கும் ஒவ்வொரு டிவியிலும் ட்யூனரிலும் வேலை செய்யும் பொதுச் சாவி இணைப்பு, டிராய் 2020-ல் சொன்னபடி. ஃப்ரீ டிஷ்ஷில் ஏலத்துக்கு வெளியே தமிழுக்கு நியாயமான இடம், பூட்டில்லாமல். கடற்கரை மாவட்டங்களுக்குத் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரு உறுப்பினர், மாநிலங்களவையில் ஒரு உறுப்பினர். பக்கத்தில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இந்த மூன்றையும் அவையில் கேட்கட்டும். கேட்டால் அதை நேரலையில் பதிவு செய்து வைக்க ஆள் இருக்கிறது. நாடாளுமன்ற ஒளிபரப்பு ஃப்ரீ டிஷ்ஷில் இன்னும் வருகிறது.